ஜாலி கேட்டேன், ரேக் வந்தது

அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் ஒரு ஹோட்டலில் ஸ்டீவர்டிங் சூப்பர்வைசராக இருந்தேன். பாத்திரம் கழுவும் இடம் என் பொறுப்பு. பதவியின் பெயர்தான் பெரிது. மேலே இருப்பவர்களுக்கு நான் எச்சில் தட்டு டிபார்ட்மெண்ட்.

ஒரு மழைக்காலக் காலையில் மேனேஜர் கண்ணாடி டம்ளர் ஒன்றை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருய்யா. கெஸ்ட் வாந்தி எடுக்காத குறை. யார் கழுவினது?"

"புஷ்பம் சார்."

"அந்தம்மாவை அனுப்பிட்டு வேற ஆளைப் போடு."

புஷ்பம் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் குடும்பம். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்தவள். இரண்டு பிள்ளைகள் அவள் சம்பளத்தில்தான் படித்தார்கள். அவள் கழுவியதில் குறையில்லை. நாறியது துடைக்கும் துணி.

டம்ளர்களை அடுக்கி டிஷ்வாஷர் மெஷினுக்குள் தள்ளுகிற, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் கூடை எங்களிடம் இரண்டே இரண்டு. ஒன்று மெஷினுக்குள் இருக்கும்போது மற்றதில் அழுக்கு டம்ளர் ஏறும். சூடாக வெளியே வரும் டம்ளரைக் கூடையிலேயே கொஞ்சம் விட்டுவைத்தால் தானாகக் காய்ந்துவிடும். ஆனால் அடுத்த லோடுக்கு அந்தக் கூடை வேண்டுமே! உடனே எடுத்துத் துணியால் துடைக்க வேண்டும். எங்கள் ஊர் மழையில் துணி எங்கே காய்கிறது? மூன்றாவது கூடை ஒன்று இருந்தால் துணிக்கே வேலையில்லை.

அந்தக் கூடையை நாங்கள் இந்தியில் ஜாலி என்போம். மெட்ராஸிலிருந்து வந்த மேனேஜரிடம் "ஒரு ஜாலி வேணும் சார்" என்றால், கூத்தடிக்க லீவு கேட்கிறேன் என்று நினைப்பார். அதனால் கௌரவமாக அதன் இங்கிலீஷ் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"துணிதான் சார் நாறுது. டிஷ்வாஷருக்கு எக்ஸ்ட்ரா ஒரு ரேக் வாங்கிக் குடுத்தா சரியாயிடும்."

"ரேக்கா? ஷிப் ஃபிரெய்ட் என்னன்னு தெரியுமா? வொர்த்தான்னு மீட்டிங்ல பாக்கணும். அதுவரைக்கும் அந்தம்மா இருக்கட்டும். ரேக் வந்தும் நாத்தம் போகலைன்னா அவங்க போயிடணும்."

அறிவாளிகள் கூடினார்கள்

மேனேஜர், அக்கவுண்டண்ட், மெயின்டனன்ஸ் பார்க்கும் வங்காளி தத்தா பாபு. மூவரில் ஒருவரும் டிஷ்வாஷ் ரூமுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஷூ நனைந்துவிடுமே! என்னை ஏசி அறை வாசலிலேயே நிற்க வைத்து விசாரித்தார்கள்.

"சுவர் ஓரமா இடம் இருக்கா?" என்றார் அக்கவுண்டண்ட்.

"சுவர் எதுக்கு சார்? மெஷின் பக்கத்து டேபிள்லயே வெக்கலாம்."

மூவரும் சிரித்தார்கள்.

"கடல் காத்துல துரு புடிக்குமே?"

"பிளாஸ்டிக் எப்படி சார் துரு புடிக்கும்?"

"பிளாஸ்டிக் மத் லோ, டூட் ஜாயேகா" என்று தத்தா பாபு கையை ஆட்டினார். பிளாஸ்டிக் வேண்டாமாம், உடைந்துபோகுமாம். "ஸ்டீல் லோ."

"கரெக்ட். வாங்கறதுதான் வாங்கறோம், நல்லதா வாங்குவோம்" என்றார் மேனேஜர். "நீ போய்யா, நாங்க டிசைட் பண்ணிக்கறோம்."

ஸ்டீலிலும் ஜாலி செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கப்பலில் வந்தது

நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளுயரத்துக்கும் மேலே, ஐந்து தட்டு வைத்த ஸ்டீல் அலமாரி. வொர்த்தா இல்லையா என்று அத்தனை பேரும் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான். டிஷ்வாஷருக்கு அலமாரி எதற்கு என்று ஒரு மூளைக்கும் தோன்றவில்லை.

"அண்ணே, இதுக்குள்ள மெஷினையே வெச்சிரலாம் போலயே" என்றாள் புஷ்பம். சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். "இனி நாறுனா என்னைய அனுப்பிருவாங்கதானே?"

நேரே மேனேஜரிடம் போனேன்.

"சார், நான் கேட்டது இது இல்ல. கூடை மாதிரி..."

"ரேக் கேட்ட, ரேக் வந்துருச்சு. இதுக்கு மேல ஒரு ஸ்பூன்கூட கிடையாது."

அன்றைக்கே பெரார்கஞ்சுக்கு பஸ் ஏறினேன். மூடிப்போன ரெஸ்டாரண்ட் ஒன்றில் வேலை பார்த்த சமையல்காரர் அங்கே இருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு ஜாலியில் மிளகாய் நாற்றுப் பைகளை அடுக்கிவைத்திருந்தது எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும், "லே ஜாவ் பாய்" என்று பைகளை இறக்கி வைத்துவிட்டு ஜாலியைக் கொடுத்துவிட்டார். தேய்த்துக் கழுவி மெஷினுக்குள் தள்ளினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து துணியும் இல்லை, நாற்றமும் இல்லை.

முதலாளி வந்தார்

அடுத்த முறை மெயின்லேண்டிலிருந்து முதலாளி வந்தபோது, மேனேஜர் அவரை டிஷ்வாஷ் ரூம் வாசல்வரை கூட்டிவந்து அலமாரியைக் காட்டினார். அதில் புஷ்பத்தின் டிபன் பாக்ஸும் செருப்பும் இருந்தன.

"இந்த ரேக் போட்டதுலேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல சார். ஹேவ்லாக் தீவு பிராஞ்சுக்கும் ஒண்ணு போட்டுடலாம்."

"எப்படிம்மா இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"ரொம்ப வசதிங்க ஐயா" என்றாள் புஷ்பம்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. உண்மையைச் சொன்னால் இன்றைக்கு மேனேஜரின் மானம் போகும், நாளைக்கு புஷ்பத்தின் வேலை போகும். "ஆமா சார், நல்ல ரேக்" என்றேன். அந்த வார்த்தை இன்றைக்கும் கசக்கிறது.

நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். புஷ்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலே இருப்பவர்களிடம் எதையும் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தப் பொருளையே தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் சொட்டச் சொட்ட அவர்கள் மேசைமேல் வைத்துக் கேளுங்கள். நான் அப்படிச் செய்யாததால் ஹேவ்லாக்குக்கும் ஒரு டிஷ்வாஷர் ரேக் கப்பலேறிப் போனது. அந்த பிராஞ்சில் டிஷ்வாஷரே கிடையாது.