முள் இறங்காத சிலிண்டர்

அந்தச் சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அண்ணனுடையது, மற்றது தம்பியுடையது. தம்பி லாரி மோதி இறந்த பிறகு, அவன் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. "கால் சரியில்ல, ஆடும்" என்று சொல்லி, வருகிறவர்களைத் தன் பக்கமே காத்திருக்க வைத்தார்.

அந்த நாற்காலியை ஒட்டித் தம்பி ஆசையாக வைத்த மீன்தொட்டி இருந்தது. இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கிற சின்னத் தொட்டி. உள்ளே மீனைவிடச் செடிதான் அதிகம்; அடியெல்லாம் பச்சைக் கம்பளம்போலப் புல். அது அடர்ந்து வளர, கரியமில வாயு அடைத்த குட்டி சிலிண்டர் ஒன்றை மாட்டியிருந்தான். குழந்தையின் பால்புட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் தலையில் அழுத்தம் காட்டும் முள், பக்கத்தில் ஒரு திருகு. அங்கிருந்து மெல்லிய குழாய் வழியே வாயு குமிழ் குமிழாகத் தண்ணீருக்குள் போகும்.

"நாம வேணாம்னு வெளிய விடுற மூச்சுதாண்ணே இதுங்களுக்குச் சாப்பாடு" என்பான் தம்பி.

"வர்றவன் தலையப் பாருடா, தண்ணியப் பாக்காத" என்று அண்ணன் கடிந்துகொள்வார்.

சிலிண்டரை நிரப்பி மாட்டிய மறுவாரம்தான் விபத்து. சில நாள் பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டரை அண்ணன் தூக்கியபோது, முதலில் கண்ணில் பட்டவை அந்தக் குமிழ்கள். ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல். பூட்டிய கடைக்குள் யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாற்போல இருந்தது.

அன்றிலிருந்து அவர் முள்ளைப் பார்க்கத் தொடங்கினார். அது அசையவே இல்லை. மாதங்கள் போயின. குமிழ் வந்துகொண்டே இருந்தது, முள் நின்ற இடத்திலேயே நின்றது. எடுக்க எடுக்கக் குறையாத பொருள் உண்டா என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமே என்று பயந்தார்.

முடி வெட்டும்போது எதிர்க் கண்ணாடியில் தொட்டி தெரியும். சில வேளை அதன் பக்கத்தில் யாரோ குனிந்து நிற்பதுபோலத் தோன்றும். அவர் திரும்ப மாட்டார். கண்ணாடியிலாவது நிற்கட்டும் என்று கத்தரியை ஓட்டுவார்.

தம்பி மனைவி ஒருமுறை வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"அது இன்னும் ஓடுதா, மாமா?"

"ஓடுதும்மா. முள்ளு இறங்கவே இல்ல."

அவள் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். படியிலிருந்தே திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு ஒரு காலை, தபால்காரருக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரை.

"என்னங்க, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது?" என்றார் தபால்காரர்.

அண்ணன் திரும்பினார். முதல்நாள் மாலைவரை நிமிர்ந்து நின்ற முள் அடியில் கிடந்தது. குமிழ்கள் நிதானம் கெட்டு, உலை கொதிப்பதுபோலக் கொப்பளித்தன. பாய்ந்து போய்த் திருகைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அது தம்பி திறந்துவைத்த திருகு. அவனுக்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை.

ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

"யோசிக்காதீங்க, மூடுங்க."

"போதும்டா" என்று முணுமுணுத்தபடி மூடினார். தபால்காரருக்குக் கேட்டிருக்கும். கேளாதவர்போல, பாதி நுரையோடு எழுந்து வாளியில் தண்ணீர் பிடித்துவந்தார். இருவருமாகப் பழைய தண்ணீரை மொண்டு கொட்டிப் புதிதாக ஊற்றினார்கள். இரண்டு மீன் செத்தன. மற்றவை எப்படியோ தேறின.

மாலையில் சிலிண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் மனைவி சொன்னாள்:

"உள்ள இருக்கறது திரவம், மாமா. அது தீர்ற வரைக்கும் முள்ளு அசையாது. தீந்ததும் ஒரேயடியா விழும்; மிச்ச வாயு மொத்தமாப் பொங்கி மீனுக்கு மூச்சு முட்டும். அவர் எனக்குச் சொல்லியிருக்கார்."

"அன்னைக்கு வந்தப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"இறங்கவே இல்லன்னு நீங்க சொன்னப்ப, எனக்கும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு தோணிச்சு."

அவளே பேச்சை மாற்றினாள்.

"தொட்டிய என்ன பண்ணப் போறீங்க?"

"கேஸ் இல்லாமலே வளர்ற செடி இருக்காமே, அத நடணும். மீன் மிச்சம் இருக்குல்ல."

அவள் சிலிண்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதுல இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

"இருக்கும். பாதியில மூடிட்டேன்."

"இங்கயே இருக்கட்டும், மாமா."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே 'ஸ்ஸ்' என்று, யாரோ மூச்சு விட்டாற்போல, ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம்தான். உடனே அவள் திருகை இறுக்கிவிட்டாள். அவர் ஒரு செருப்போடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.