அது அப்பாவின் நூல் அல்ல

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அவரைப் பற்றி ஒரு செய்தியைத் தவறாக அறிந்திருக்கிறீர்கள். அதற்குக் காரணம் நான். இங்கே எழுதலாமா என்று பலமுறை தயங்கினேன்.

அப்பா பொள்ளாச்சியில் பிறந்தார். ஐ.டி.ஐ. முடித்து, புனேவுக்கு வந்து, ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் சேர்ந்தார். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மா காலமானார். அதன்பின் ஷிப்ட் முடிந்து வந்து சமைத்ததும் என்னைப் படிக்க வைத்ததும் அப்பாதான்.

ஓய்வுக்குப் பின் புனேயின் வாகட் பகுதியில் எங்களுடன் தங்கினார். பழங்காலத்து இரட்டை இறக்கை விமானங்களைச் சிறிய அளவில் கட்டத் தொடங்கினார். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் இடையே ஓடும் கம்பிகளுக்குப் பதிலாக, முடியளவு மெல்லிய கறுப்பு நூல். தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டுவார். ஒன்று கூடுதலாக இறுகினாலும் இறக்கை சாய்ந்துவிடும்.

மகள் பிறந்ததும் எனக்கு அந்த நூலைக் கண்டாலே பயம்.

"பாப்பா வாயில போயிருமப்பா."

"துண்டு நூலெல்லாம் டப்பாவுல போட்டுட்டுத்தான் எந்திரிக்கறேன் கண்ணு."

மகளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு காலையில் விடாமல் அழுதாள். பசியா, வயிற்றுவலியா என்று தெரியாமல் நானும் அழுதேன். அப்பா பூதக்கண்ணாடியுடன் வந்து அவள் உடம்பு முழுவதும் பார்த்தார். ஒரு கால்விரல் வீங்கிச் சிவந்திருந்தது. அதன் மடிப்பில் ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. இடுக்கியால் தூக்கி, சிறு கத்தரியால் வெட்டி எடுத்தார். தாமதித்திருந்தால் விரலே போயிருக்கும் என்றார் மருத்துவர்.

அப்போது எங்களுடன் இருந்த என் மாமியார் கேட்டார்: "ஏனுங்க சம்பந்தி, அது உங்க ஏரோப்ளேன் நூலுங்களா?"

"ஆமாங்க. என்ர கவனக்குறைவுதானுங்க."

"பேத்தி எடுத்த வயசுல வெளையாட்டுச் சாமான் எதுக்குங்க?"

"இனித் தொடலீங்க."

இடுக்கி முனையில் நான் பார்த்தது நூல் அல்ல. பிரசவத்துக்குப் பின் கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்த என் தலைமுடி. ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று சமையலறையில் அப்பாவைக் கேட்டேன்.

"உன்ர முடின்னு சொன்னா நீ புள்ளையத் தூக்கவே பயப்படுவே. எனக்கென்ன, நாலு பேச்சுத்தான. போய்ப் பாலக் குடு."

பாதி நூல் கட்டிய விமானத்தைப் பரணில் வைத்துவிட்டார். உறவினர்கள் கேலி பேசியபோதும் சிரித்துக்கொண்டார். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே நான் நாளைக் கடத்தினேன். அதற்குள் மாரடைப்பு வந்தது.

மருத்துவமனையில் இருந்த நான்கு நாட்களும் என் கணவரும், மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்த எங்கள் மாடி மராத்திக் குடும்பத்தாரும், ஊரிலிருந்து ஓடிவந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிய என் மாமியாரும் செய்த உதவிக்கு என் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் பேசுன பேச்சுக்கு அவர்கிட்ட இனி எப்படிக் கண்ணு மன்னிப்புக் கேக்கறது? அதையும் சேர்த்து எழுதிரு" என்றார்.

அப்பா, எங்கள் இருவரையும் மன்னியுங்கள். பாப்பா நன்றாக ஓடுகிறாள்.