வேர்க்காத ஆள்

மோகனூர்ப் பக்கத்து வெல்ல ஆலையிலிருந்து நாமக்கல்லுக்கு நடந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் வந்த இடத்திலெல்லாம் சட்டையைக் கழற்றி முக்கி, பிழியாமல் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பிறவியிலேயே வேர்க்காது. பல்லும் ஏழெட்டுதான், தலையில் பூனைமுடி. எனக்காகப் பெண் கேட்டுப் போக யாரும் இல்லை. ஒன்பதாவதோடு ஊரை விட்டவன், ஒரு வெயில் காலத்துக்கு மேல் எங்கும் தங்கியதில்லை.

1. ஆலை

எனக்கு அடுப்பெரிக்கும் வேலை. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு சமாளித்தேன். பாகு இறக்க ஆள் குறைந்த அன்று கொப்பரையைப் பிடிக்கக் கூப்பிட்டார்கள். ஆலைக்காரர் துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"ஈரத்தோட கொப்பரைகிட்ட வராத. பாகுல சொட்டுனா வெல்லம் கசிஞ்சு போகும்."

அவர் சொன்னது நியாயம். துண்டில்லாமல் பிடித்தேன். பாகை ஊற்றி முடிவதற்குள் கண் இருட்டி விழுந்துவிட்டேன். தெளிந்தபோது ஆலைக்காரர் என் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு உடம்போடு ஒட்டியிருந்த சட்டை, எனக்கு மொடமொடவென்று இருந்தது.

"பாடுபட்ட ஒடம்பா இது? நல்லா நடிக்கற சாமி."

பாகு கிண்டுகிறவர் சிரித்தார். "இவன் கூத்துல சேர்ந்திருந்தா வேசம் கட்டியே பொழச்சிருப்பானுங்க."

எனக்கு வேர்க்காது என்று அப்புறம்தான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. கிளம்பிவிட்டேன்.

2. டாக்டர் சொன்னது

அதற்கு முன்பே, இளம்பிள்ளை ஊரில் தறி ஓட்டும்போது ஒருமுறை விழுந்து சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பிப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா விளக்கினார்.

"கருவுல இருக்கப்பவே தோலுக்கு ஒரு சேதி வரும். இங்க வேர்வைச் சுரப்பி, இங்க முடி, இங்க பல்லுன்னு. அதைச் செல்லுக்கு மேல நின்னு வாங்கற ரிசப்டரைச் செய்யற ஜீன் பேரு ஈ.டி.ஏ.ஆர். உங்களுக்கு அதுல பிழை."

"சேதி வந்துச்சு, வாங்க ஆளில்லைங்களா?"

"அப்படித்தான். மருந்து கிடையாது. தண்ணிதான் உங்களுக்கு வேர்வை. வேலைக்குச் சேரும்போதே சொல்லிடுங்க."

பூட்டிய வீட்டு வாசலில் யாரோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனது போலிருந்தது. தண்ணீர் விஷயத்தைக் கடைப்பிடித்தேன். சொல்வதை மட்டும் செய்யவில்லை. சொன்னால் யார் சேர்ப்பார்கள்? விழுந்த பிறகு சொல்வேன். அப்போது அது சாக்காகத்தான் கேட்கும்.

3. ஆலையை விட்ட மறுநாள் காலை

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து நடந்தேன். லாரி கழுவும் வாட்டர் சர்வீஸ் ஒன்றில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. நடத்துகிற அம்மா, என்ன வேலை தெரியும் என்று கேட்டார். இந்த முறை முதலிலேயே உடம்பைச் சொன்னேன்.

"எனக்கு வேர்க்காதுங்க. காஞ்சா விழுந்துருவேன். நனைஞ்சுகிட்டே இருந்தா எவ்வளவு வேணும்னாலும் செய்வேனுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் திரும்பி நடக்கத் தயாராக இருந்தேன்.

"ஏனுங்க, இங்க காஞ்சு நிக்கறதுக்கு எடமே இல்லீங்களே. சளி பிடிக்குதுன்னு ரெண்டு பேரு ஓடிப்போனாங்க" என்று ஹோஸைக் கையில் கொடுத்தார்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. உடம்பில் உள்ள குறையை விழுவதற்கு முன்னால் சொல்லுங்கள். வேலை கிடைக்காமல் போகலாம். நடிக்கிறான் என்ற பேர் பின்னால் வராது.

அன்று உச்சி வெயிலில் முட்டை லாரி ஒன்றைக் கழுவி முடித்தோம். நான்கு பேர் சட்டையும் சொட்டிக்கொண்டிருந்தது. யாருடையது எதனால் நனைந்தது என்று யாரும் பார்க்கவில்லை.