காற்றை அடர்த்தியாக்கும் இயந்திரம்

தெருவில் முஹன்னதை எல்லோரும் அவர் மகள் பெயரைச் சேர்த்து அபூ ரீம் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரம் போனால் மட்டும் 'எஞ்சினியர்' ஆகிவிடுவார்.

ஈராக்கில் பஸ்ரா நகரத்தின் புது மின்நிலையத்துக்கு எரிவாயு டர்பைன் தேர்ந்தெடுத்தவர்களில் அவரும் ஒருவர். விற்பவர்கள் பதினைந்து டிகிரிக் குளிரில் வைத்து அதன் திறனைச் சொல்வார்கள். பஸ்ராவின் ஜூலையோ ஐம்பதைத் தொடும். சூடான காற்று லேசானது. எவ்வளவு உறிஞ்சினாலும் டர்பைனுக்குத் தெம்பு வராது. நம் வெயிலுக்குக் கணக்குப் போட்டால் நூற்றறுபது மெகாவாட் என்பது நூற்றிருபத்தைந்துதான் என்று முஹன்னத் கூட்டத்தில் சொன்னார்.

"பலகையில நூத்தி இருபத்தஞ்சுன்னு எழுதினா திறப்பு விழாவுக்கு யாரு வருவா, அபூ ரீம்?" என்றார் இயக்குநர் நஜாஹ்.

நூற்றறுபது என்றே எழுதினார்கள். விழாவை ஜனவரியில் வைத்தார்கள். இயந்திரம் நூற்றறுபதையும் தாண்டி ஓட, இயக்குநர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். ஜூலை வந்ததும் முஹன்னதிடம் விளக்கம் கேட்டார்.

கடைசியில் டர்பைன் உறிஞ்சும் காற்றைக் குளிர்விக்க யந்திரங்கள் வாங்கினார்கள். அவை ஐந்து மெகாவாட்டைத் தின்று இருபத்தைந்தைத் திருப்பித் தந்தன. இது தெருவுக்குத் தெரிந்ததும் ரொட்டி சுடும் உம் கர்ரார் அவரை வழிமறித்தாள்.

"மெசினுக்கு ஏசி, எங்களுக்கு விசிறி மட்டையா?"

சூட்டில் காற்று லேசாகிவிடும், அதனால்தான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்படின்னா அடுப்பு முன்னால நிக்கிற எனக்கும் கெட்டியான காத்துதான் வேணும். எழுதிக்கங்க."

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பற்றாக்குறை முற்றியது. அரசு அலுவலகங்களில் குளிர்சாதனங்களை உடனே நிறுத்தும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இயக்குநர் நிலையம் முழுவதும் சுற்றி வந்தார்; குளிர்விக்கிற எதையும் விட்டுவைக்கவில்லை. டர்பைனின் குளிர்விப்பானும் நின்றது. ஐந்து மெகாவாட் மிச்சமானது, இருபத்தைந்து போனது. போனதில் முஹன்னதின் தெருவும் அடக்கம்.

முஹன்னத் ஓடிப்போய்க் கணக்கைக் காட்டினார். இயக்குநர் கணக்கை மறுக்கவில்லை.

"நீ சொல்றது சரிதான்ப்பா. ஆனா உத்தரவுல டர்பைனுக்கு விலக்குன்னு ஒரு வார்த்தை இல்லையே. நாளைக்கு விசாரணைன்னு வந்தா உன் கணக்கா வந்து நிக்கும்?"

முஹன்னதுக்குக் கோபம் வந்தது. படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது. வெயிலில் போய் யந்திரங்களின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பெயின்டரைக் கூப்பிட்டு, அவற்றின் மேல் இருந்த 'குளிர்விப்பான்' என்ற எழுத்தை அழித்து, 'காற்றை அடர்த்தியாக்கும் இயந்திரம்' என்று எழுதச் சொன்னார்.

இயக்குநர் வந்து நிதானமாகப் படித்தார். இதை நிறுத்தச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை என்றார். சாயங்காலத்துக்குள் தெருவில் விளக்கு எரிந்தது.

உத்தரவை முழுமையாக நிறைவேற்றியதற்காகவும் உற்பத்தியைப் பெருக்கியதற்காகவும் அந்த மாதம் நஜாஹுக்கு இரண்டு பாராட்டுகள் வந்தன. அவர் முஹன்னதையும் மறந்துவிடவில்லை. கூப்பிட்டு, அடுத்த டர்பைனுக்கும் இதே மாதிரி இரண்டு வாங்கிவிடச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் நல்லா பாத்துக்க, அபூ ரீம்," என்றார். "ஏசின்னு சொல்லி எதையாவது தலையில கட்டிடப் போறாங்க."