கெட்ட வார்த்தைக்குக் காவல்

தொண்ணூறுகளின் கடைசியில், கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த கையோடு எனக்குக் காந்திபுரத்தில் வேலை கிடைத்தது. கீழே டிவி, டேப் ரெக்கார்டர் விற்கும் கடை. மாடியில் எட்டுக் கம்ப்யூட்டர் போட்ட பயிற்சி மையம். இரண்டுக்கும் முதலாளி கோட்டைமேட்டுக்காரர். எல்லாருக்கும் அவர் பாய். காலையிலும் மாலையிலும் நான் வகுப்பு எடுப்பேன். நடுவில் பதினொன்றிலிருந்து நாலு வரை மெஷின்கள் சும்மா கிடந்தன. பாய்க்கு அது பொறுக்கவில்லை. எட்டையும் ஒயரால் இணைத்து, எட்டுப் பேர் சேர்ந்து ஆடுகிற ஓர் ஆட்டத்தைப் போட்டுவிட்டார். திரையில் ஒரு பாழடைந்த கோட்டை. அதற்குள் துப்பாக்கியோடு அலைந்து ஒருவரை ஒருவர் சுட வேண்டும். சுட்டவர், செத்தவருக்கு ஒரு வரி டைப் அடித்து அனுப்பலாம். அது எட்டுத் திரையிலும் ஓடும்.

வந்தவர்கள் பெரும்பாலும் காலேஜ் பையன்கள். வாசலில் செருப்பை வரிசையாக விட்டு, "வரலாமுங்களாக்கா" என்று கேட்டுத்தான் உள்ளே வருவார்கள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் பக்கத்து நாற்காலிக்காரனின் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் வகுப்பு. அதை நடத்திய டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவர். ஒரு நாள் வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"ஏனுங் அம்மணி, எங்க புள்ளைங்க இன்னைக்கு ஒரு வார்த்தை கத்துக்கிட்டாங்க. காஜா எடுக்க இன்னும் கத்துக்கல."

பாய்க்கு விஷயம் போனது. அவர் யோசித்துவிட்டு, "ஆட்டம் நிக்க வேண்டாம்மா. வார்த்தை மட்டும் நிக்கட்டும். நீ பாத்துக்க" என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டார்.

மறுநாள் எழுந்து நின்று, கெட்ட வார்த்தை கூடாது என்று அறிவித்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு மாணவன் மரியாதையாகக் கை தூக்கினான்.

"எந்தெந்த வார்த்தைன்னு எழுதி ஒட்டிருங்கக்கா. பாத்து நடந்துக்கறோம்."

கேட்டதில் நியாயம் இருந்தது. வெள்ளைத்தாள் எடுத்து எழுத உட்கார்ந்தேன். ஆறாவது வார்த்தை எழுதும்போது, அதை ஒட்ட வேண்டிய இடம் பள்ளிவாசல் காலண்டருக்குப் பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. தாளைக் கிழித்தேன். நாலாகக் கிழித்தும் சில துண்டுகளில் வார்த்தை முழுசாகவே இருந்ததால், இன்னும் பொடியாகக் கிழித்தேன்.

அப்புறம்தான் வேறு சட்டம் தோன்றியது. எது சொன்னாலும் கடைசியில் 'ங்க' போட்டுச் சொல்ல வேண்டும். மறந்தால் ஆட்டத்திலிருந்து எழுந்து போய் ஜன்னலோர பெஞ்சில் உட்கார வேண்டும்.

ஒரு வாரம் சுகமாகப் போனது. "செத்துப்போங்க." "நீங்க மொதல்ல சாவுங்க." "அக்கட்டால நகருங்க, உங்களுக்குப் பின்னால நிக்கறவரைச் சுடோணுங்க." டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்து எனக்கு ஒரு கேக் துண்டு கொடுத்தார்.

இரண்டாவது வாரம் சட்டைக் காலரைப் பிடித்துச் சண்டை. அம்மாவைத் திட்டினபோதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் பிடித்தான். எதிராளி என்ன சொன்னான் என்று விசாரித்தேன். கண்ணாடிக்காரன் குரலை உயர்த்தாமல், "இந்த ஆட்டம் உங்களுக்கு ஆகாதுங்க. ஊட்டுக்குப் போயிருங்க" என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். எந்தச் சட்டத்தில் அவனைப் பெஞ்சுக்கு அனுப்புவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் அனுப்பினேன்.

வாய் ஒருவழியாக அடங்கியது. ஆனால் திரையில் வேறொன்று ஆரம்பித்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் வசவு, ஒவ்வொன்றும் மூன்று வரி நீளம். செத்தவனின் பரம்பரையை முப்பாட்டன் வரைக்கும் இழுத்து, கமா, முற்றுப்புள்ளியெல்லாம் வைத்து முடியும். யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பின்னால் போய் நின்றால் எட்டுப் பேரும் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

காட்டிக்கொடுத்தது சத்தம்தான். பையன்கள் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிறவர்கள். ஒரு மத்தியானம் கண்ணை மூடிக் கேட்டேன். நாலாம் மெஷினிலிருந்து பத்து விரலும் ஓடுகிற சத்தம் வந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காரமடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அடுத்த தெருவில் மில் உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை பார்ப்பவர். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு வருவார். என்னைப் பார்த்தால் பாதி எழுந்து வணக்கம் வைப்பார். அவரைச் சந்தேகப்படவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நீங்களா சார்?"

கையை மடியில் வைத்துக்கொண்டார். "நாந்தானுங்க. வாயில வராதுங் அம்மணி. பொறந்ததுல இருந்து ஒருத்தரைத் திட்டுனதில்ல. நாள் பூரா 'தாமதத்துக்கு வருந்துகிறோம்'னு அடிச்சு அடிச்சு, இங்க வந்தா விரல் தானாப் போயிருதுங்க."

மூன்று நாள் பெஞ்சு என்றேன். மூன்று நாளும் நேரத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். கடைசி நாள் மட்டும், "நீங்களும் ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. வெளிய நிக்கறவங்களுக்கு இது தெரியாதுங்க" என்றார்.

அடுத்த நாள் ஒரு மெஷின் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். டைப்பிஸ்ட் சார் என்னைக் கோட்டை மாடிப்படியில் வைத்துச் சுட்டார். "வருந்துகிறோமுங்க" என்று திரையில் வந்தது. மறுபடி உயிர் வந்து ஓடினேன். அதே மாடிப்படி. "மீண்டும் வருந்துகிறோமுங்க." பதினோரு முறை. பதினொன்றுக்கும் தப்பாமல் வருத்தம் தெரிவித்தார்.

பன்னிரண்டாவது முறை என் வாயிலிருந்து வந்த வார்த்தை, நான் கிழித்த தாளில் நாலாவதாக இருந்தது. கத்தித்தான் சொன்னேன். 'ங்க' போடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. திரும்பிப் பார்த்தால் படி ஏறின இடத்தில் பாய் நிற்கிறார். கூட வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவரும் அவர் மகளும்.

"சத்தியமங்கலத்துல இருந்து வந்திருக்காங்கம்மா," என்றார் பாய். "பொண்ணை வகுப்புல சேக்கறதுக்கு."

பெரியவர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பறம் வாரமுங்க" என்று மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

கண்ணாடிக்காரன் மெதுவாக, "அக்கா, பெஞ்சுங்க" என்றான்.

போய் உட்கார்ந்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பாய் என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். அவர்கள் பின்னாலேயே இறங்கினார்.

ஒரு வாரம் ஆட்ட நேரத்தில் நான் பெஞ்சில்தான். சாப்பாட்டு நேரத்துக் காவலை டைப்பிஸ்ட் சார் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னைவிட நன்றாகச் செய்தார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். எவன் என்ன அடிக்கப் போகிறான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. "ஏழாம் நம்பர் தம்பி, அந்த விரலை எடுங்க" என்பார். எடுத்துவிடுவான்.

பத்தாம் நாள் அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்து சேர்ந்தாள். "டீச்சரையே பெஞ்சுல உக்கார வெக்கற எடம் வேற எங்கீங்க இருக்கு" என்று பாய் படியிலேயே அந்தப் பெரியவரிடம் பேசி மடக்கியிருந்தார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

முதல் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் போகவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னது என்ன வார்த்தைங்கக்கா? எனக்குச் சரியாக் காதுல விழலீங்க. அப்பா சத்தி போற வரைக்கும் பஸ்ல பேசவே இல்லீங்க. அம்மா கேட்டும் சொல்ல மாட்டேங்கறாரு."

துணியை எடுத்து ஒன்றாம் மெஷின் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன். காலையில்தான் அதைத் துடைத்திருந்தேன்.