அவர் வெளிநாட்டில் இருக்கிறார்

மேல்வீட்டு அக்காவின் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரே வீட்டின் மேல்மாடியில் அவவும் இரண்டு மகன்மாரும், கீழே வீட்டுக்கார அன்ரியின் பகுதியோடு ஒட்டிய அனெக்ஸில் நானும் மகளும் வாடகைக்கு இருந்தோம். அரசாங்க உதவிப் பணத்துக்குத் தெரிவானவர்களின் பெயர்களை எங்கள் பகுதி அரசாங்க அலுவலரான விதானையார் தன் கந்தோர்ப் பலகையில் ஒட்டிய அன்று, அவ ஒரு முழுப் பாரை மீனைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி படியேறிப் போனது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அவவின் பெயர் பலகையில் இருந்தது. என்னுடையது இல்லை. மேலேயிருந்து குழம்பு வாசம் வரவர எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே கதைதான். அவவின் கணவர் வேறொருத்தியோடு போய்விட்டார். என்னுடையவர் ஏஜென்சி மூலம் வெளிநாடு போய், கொஞ்சக் காலம் கதைத்து, பிறகு நம்பரையே மாற்றிவிட்டார். அங்கே குடும்பமாகிவிட்டார் என்று கேள்வி. ஆனால் அக்கா அதை மீன்காரரிடமும் சொல்லுவா, கோயிலில் பக்கத்தில் நிற்பவளிடமும் சொல்லுவா, முச்சக்கரவண்டிக்காரரிடம் சிங்களத்திலும் சொல்லுவா. "அந்தாள் எங்களை விட்டிட்டுப் போட்டுது. இதில மறைக்க என்ன கிடக்கு?" விதானையாரிடமும் அதையேதான் சொல்லியிருப்பா. அந்த வாய் எனக்கு வாய்க்கவில்லையே என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன்!

நான் வீடு தேடிய காலத்தில் புரோக்கர் முதலில் கேட்டது, "மிஸ்டர் எங்க?" என்றுதான். கணவன் விட்டுப்போனவள் என்றால் வெள்ளவத்தையில் யார் லேசில் வீடு தருவார்கள்? கணவன் வெளிநாட்டில் என்றால் வீட்டோடு மரியாதையும் சேர்த்துத் தருவார்கள். "அவர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்றேன். அது பொய்யும் இல்லையே. சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டாமா? வெள்ளிக்கிழமைகளில் அவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசற்படியில் நின்று, யாருமில்லாத கைபேசியில், "சாப்பிட்டீங்களோ? அங்க குளிரே?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கதைப்பேன். இடைக்கிடை காலி வீதிக் கடையொன்றில் வெளிநாட்டுச் சொக்லேட் வாங்கிவந்து, அவர் அனுப்பியது என்று ஒழுங்கை முழுவதும் பங்கிடுவேன். மகளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

புடவைக்கடையில் நான் எடுத்த சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி. வவுனியாவில் இருக்கும் என் சொந்த அக்கா, "இந்தப் பள்ளிக்கூடத் தவணையோட பிள்ளையைக் கொண்டுவந்து என்னட்ட விடு, அங்க கிடந்து மாயாத" என்று முடிவாகச் சொல்லிவிட்டா. என் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் என் பிள்ளைக்கு நித்திரை வரும். அவளை அனுப்பிவிட்டு நான் எப்படி இருப்பேன்? அதனால்தான், ஒருவருக்கும் தெரியாமல், கணவர் கைவிட்டுவிட்டார் என்று எழுதி அந்த உதவிப் பணத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். பலகையில் பெயர் வரவில்லை என்றதும் மேன்முறையீடும் செய்தேன். வீட்டுக்கு வந்து விசாரிப்போம் என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை விதானையாரும், பிரதேச செயலகத்திலிருந்து ஒரு சிங்கள அதிகாரி மிஸ்ஸும் வந்தார்கள். உள்ளே கூட்டிப்போய் மெதுவாகச் சொல்லலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களோ வாசலிலேயே நின்று வீட்டுக்கார அன்ரியைக் கேட்டார்கள். அன்ரி பாவம், என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அடுக்கிக்கொண்டே போனா. "அவவின்ர மிஸ்டருக்கு வெளிநாட்டில நல்ல வேலை. ஒவ்வொரு ஞாயிறும் கோல் எடுப்பார். போன மாசமும் சொக்லேட் அனுப்பினவர், நாங்களும் சாப்பிட்டனாங்கள்." முன்வீட்டு அன்ரி வேறு மதிலுக்கு மேலால் எட்டி, "ஓம் ஓம், நட்ஸ் போட்டது" என்றா. விதானையார் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்ல, மிஸ் எழுதத் தொடங்கினா. இல்லை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். கதவைப் பிடித்தபடி மகள் நின்றாள்.

"சும்மா இருங்கோ அன்ரி!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. ஈர உடுப்பு வாளியோடு அக்கா இறங்கி வந்தா. "அந்தச் சொக்லேட் காலி வீதிக் கடையில வாங்கினது. நான் பின்னால லைனில நிண்டனான். இவளின்ர மனுசனும் என்ர ஆள் மாதிரித்தான், ஓடிட்டுது." அதையே திரும்ப மிஸ்ஸுக்குச் சிங்களத்திலும் சொன்னா. எல்லாம் தெரிந்துகொண்டே என் சொக்லேட்டைத் தின்று, "நல்ல மனுசன், மறக்காமல் அனுப்புறார்" என்றவளும் இவதானே! ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அவ என் காதோரம் குனிந்து, "பிள்ளையை அனுப்பிப்போட்டு மானத்தை வச்சு என்னடி செய்யப் போறாய்?" என்றா. நான் வவுனியாவோடு கைபேசியில் அழுததும் மேலே கேட்டிருக்கிறது.

எல்லாரும் போன பிறகு மகள் கேட்டாள், "அப்ப நீங்களே அம்மா சொக்லேட் வாங்கினனீங்கள்?" ஓம் என்றேன். "அப்ப இனி நட்ஸ் இல்லாதது வாங்குங்கோ. எனக்கு நட்ஸ் விருப்பமில்லை" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பணம் வரத் தொடங்கியது. மகளை எங்கேயும் அனுப்பவில்லை. வீட்டுக்கார அன்ரி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தா, ஆனால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லவில்லை. பொறாமை மட்டும் போகவில்லை. எனக்கு வேண்டியதைக் கேட்கவும் அவவின் வாய்தானே வேண்டியிருந்தது.

இந்த வருடம் மேல்வீட்டு அக்காவின் கணவர் திரும்பி வந்துவிட்டார். கையில் ஒரு பை, உடம்பு முழுக்க நீரிழிவு வருத்தம். அக்கா ஒழுங்கை அதிர அவரை ஏசினா, பிறகு சோறு போட்டா. மனுசன் வந்துவிட்டார் என்று தானே போய் விதானையாரிடம் சொன்னா. உதவிப் பணம் நின்றுவிட்டது. ஒழுங்கையே அவவுக்காகப் பரிதாபப்பட்டது. நானும் "பாவம் அக்கா" என்றேன். பின்னேரங்களில் "தேத்தண்ணி ஆறுது, வந்து குடியுங்கோவன்" என்று மேலே அவ கத்துவது கேட்கும். வெங்காயம் வெட்டுகிற கை நின்றுவிடும். அந்த மனுசன் ஒரு சதத்துக்கும் உதவாதவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தாரே! படியேறி வந்து கதவைத் தட்டினாரே!

போன கிழமை விபரங்களைப் புதுப்பிக்கக் கந்தோருக்குப் போனேன். வரிசையில் நிறையப் பேர். விதானையார் தலையை நிமிர்த்தாமல் கேட்டார், "உங்கட மிஸ்டர் திரும்பி வந்தவரோ?"

"இல்லை" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

"தொடர்பு ஏதும்?"

"ஒண்டும் இல்லை."

அவர் சந்தோஷமாக முத்திரையைக் குத்தினார். "அப்ப உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா."