நாடா வெட்டும்வரை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது யாழ்ப்பாணத்துக் குருநகரில் எல்லோருக்கும் தெரியும். படகு எஞ்சின் திருத்துகிறவனிடம் யாரும் சாந்தமாகப் பேசுவதில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்ற ஆத்திரத்தை என்னிடம்தான் கொட்டுவார்கள், நானும் திருப்பிக் கொட்டுவேன். அது கை கழுவினால் போய்விடும் கோபம். இங்கே எழுதப்போவது அப்படிப் போகவில்லை. போகவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

தை மாதத்தில் ஒரு காலை எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்பனர் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், வலது கை என்னோடு வரவில்லை. பாரிசவாதம் என்றார்கள். பேச்சு பத்து நாளில் திரும்பியது. நான் ஏசத் தொடங்கியதை வைத்து மனைவி அதைக் கண்டுபிடித்தாள். கால் இரண்டு மாதத்தில் ஓரளவு திரும்பியது. கை மட்டும் தோளில் சும்மா தொங்கியது.

“முதல் மாதங்களிலைதான் அசைவு கூடத் திரும்பி வரும். அந்த நேரத்தை வீணாக்கிப் போடாதேங்கோ” என்றார் வைத்தியர். எஞ்சினுக்குள் கை விட்டுப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய கணக்கு வேறு என்ன? கை வந்தால் நான் மனிதன், வராவிட்டால் வீட்டு மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை. அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சிக்கு ஓர் இயன்மருத்துவ நிலையத்துக்குப் போனேன். ஒரு நலன்புரிச் சபை நடத்தும் சின்ன நிலையம் அது. எனக்குப் பயிற்சி தந்தவள் இருபத்தைந்து வயதுப் பிள்ளை. பங்குனியில் ஒரு நாள் நான் போனபோது மூலை அறையில் பெரிய பெட்டியொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு ரோபோக் கையுறை. விரல்களின் முதுகில் மெல்லிய கம்பிகள் ஓடின. அவை போய்ச் சேரும் பெட்டிக்குள் சின்ன மோட்டர்கள். முழங்கைக்குக் கீழே கட்ட ஒரு பட்டி இருந்தது. விரலை நீட்ட வேண்டுமென்று நான் நினைக்கும்போது தசையில் உண்டாகும் துடிப்பை அந்தப் பட்டி பிடித்துக்கொள்ளும். உடனே மோட்டர் உதவிக்கு வரும். ஸ்டார்ட் வராத வான் வண்டியைத் தள்ளிவிடுவது போலத்தான்: எஞ்சின் திறப்பை நான்தான் திருப்ப வேண்டும், தள்ளுவதை அது செய்யும். எனக்குப் பார்த்தவுடனேயே விளங்கியது.

“எப்ப பிள்ளை தொடங்குவம்?” என்றேன். அவள் அதைத் திரும்பவும் பொலித்தீனால் மூடினாள்.

பதிலைச் சபையின் தலைவர் சொன்னார். ஓய்வுபெற்ற அதிகாரி, வெள்ளை உடுப்பு, குரல் உயராது.

“தம்பி, இது வெளிநாட்டிலை இருக்கிற ஒரு குடும்பம் தகப்பன்ரை நினைவாய்த் தந்தது. அவை நல்லூர்த் திருவிழாவுக்கு வருவினம். அவையின்ரை கையாலை நாடா வெட்டித் திறந்தாப்பிறகுதான் பாவிக்கலாம்.”

“ஐயா, திருவிழாவுக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு.”

“பொறுங்கோவன். மரியாதை எண்டு ஒண்டு இருக்குத்தானே?”

மரியாதை எனக்கும் தெரியும். எங்கள் கரையில் மாதா கோயில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்காமல் புதுப் படகைக் கடலில் இறக்க மாட்டோம். ஆனால் சுவாமியார் சொன்ன நாளில் மோட்டார் சைக்கிளில் வருவார், செபிப்பார், தெளிப்பார், போவார். பின்னேரம் படகு தொழிலுக்குப் போய்விடும். ஐந்து மாதம் படகைக் கரையில் போட்டுவைத்து அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தால், சுவாமியாரே ஏசுவார்.

சித்திரையில் தலைவர் கொழும்புக்குப் போயிருந்த ஒரு நாள், அந்தப் பிள்ளை மூலை அறைக் கதவைச் சாத்தினாள். பொலித்தீனை விலக்கி, பட்டியைக் கட்டி, என் விரல்களை ஒவ்வொன்றாகக் கையுறைக்குள் நுழைத்தாள். அப்போது விரல்கள் இளக்கமாகத்தான் இருந்தன.

“அண்ணை, கையை விரிக்கோணும் எண்டு நினையுங்கோ.”

நினைத்தேன். மோட்டர் மெதுவாக முனகியது. மூன்று மாதமாக அசையாத விரல்கள் என் கண் முன்னால் நீண்டன. முழுவதையும் மோட்டர் செய்யவில்லை. சுட்டுவிரலில் என் பக்கத்திலிருந்தும் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. காலமெல்லாம் இயந்திரங்களைத் தொட்டுப் பார்த்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பொலித்தீனில் ஒட்டியிருந்த டேப் கிழிந்திருந்ததைத் தலைவர் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளையைக் கேட்டார்: “தந்தவை வந்து பாக்கேக்கை பழசாய்க் கிடந்தால் எங்களை என்னெண்டு நினைப்பினம்?” அறைக்கு ஆமைப்பூட்டுப் போட்டார்.

“உங்கடை கையெண்டால் பொறுப்பீங்களோ?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அடுத்த நாள் மனைவி போய், “அவர் அப்பிடித்தான் ஐயா, மனசிலை ஒண்டும் வைச்சிருக்கமாட்டார்” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். நான் அவளையும் ஏசினேன். “இஞ்சருங்கோ, அவரோடை பகைச்சால் திறந்தாப்பிறகும் உங்களுக்கு அது கிடையாது” என்றாள். அவள் சொன்னது சரி. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். தலைவர்மேல் உள்ள கோபத்தில் பாதி இன்றைக்கும் என்மேல்தான்.

கை காத்திருக்கவில்லை. வைகாசியில் விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கின. வீட்டில் சுடுதண்ணீரில் வைத்து நீட்டினேன், அந்தப் பிள்ளையும் கிழமைக்கு மூன்று நாள் நீட்டிவிட்டாள். விட்டவுடன் திரும்பவும் மடங்கும். ஆடி பிறந்தபோது பெருவிரல் உள்ளே சிக்கி, கை மூடிய முட்டியாக இறுகிவிட்டது. பூட்டிய கதவைக் கடந்துதான் ஒவ்வொரு முறையும் பயிற்சி மேசைக்குப் போவேன். அந்த இயந்திரம் எனக்குக் கை தந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. தராமலும் விட்டிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளக்கூட விடவில்லையே என்பதுதான் என் வழக்கு.

நல்லூரில் கொடியேறிய கிழமையில் திறப்பு விழா வந்தது. வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்திருந்தார்கள். செய்துகாட்டுவதற்கு என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். “அண்ணையின்ரை கை இறுகிப்போச்சு, கையுறை போகாது” என்று அந்தப் பிள்ளை முதல் நாளே சொல்லியிருக்கிறாள். “ஒருக்காப் போட்டுப் பாரும், படத்துக்குத்தானே” என்றாராம் தலைவர்.

அந்த வெளிநாட்டுக் குடும்பத்து அம்மா ஒருவர் நாடா வெட்டினார். கை தட்டினார்கள். கமராக்களுக்கு முன்னால் அந்தப் பிள்ளை என் முட்டியைப் பிரிக்கப் பாடுபட்டாள். அவளுடைய நெற்றி வேர்த்தது. ஒரு விரலும் உள்ளே போகவில்லை. கூட்டம் சலசலத்தது. தலைவர் சிரித்தபடி வந்து, பட்டியையும் கையுறையையும் வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டார். ஒரு குறையும் இல்லாத அந்தக் கையை இயந்திரம் அழகாக விரித்தது, மூடியது, விரித்தது. எல்லோரும் திரும்பவும் தட்டினார்கள். தட்டுவதற்கு எனக்குத்தான் இரண்டு கை இல்லை.

பிறகு, நாடா வெட்டிய அம்மா என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். அறுபது வயதிருக்கும்.

“தம்பி, இதாலை உங்களுக்குக் கொஞ்சமெண்டாலும் பிரயோசனம் இருந்துதோ?”

“இண்டைக்குத்தானே அம்மா திறந்தது. நீங்கள் வருமட்டும் பூட்டி வைச்சிருந்தவை.”

அவருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

“எங்களுக்காகவோ?” என்றார். “அனுப்பேக்கையே கடிதம் வைச்சனாங்கள், வந்த அண்டைக்கே பாவியுங்கோ எண்டு. அப்பா எட்டு வருசம் உப்பிடித்தான் கையை மடக்கிக்கொண்டு இருந்தவர். அதாலைதானே வாங்கினது.”

நான் வலது கையை இடது கையால் தூக்கி அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் இரண்டு கைகளாலும் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். நொந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. அவர் அழுதார், எனக்கு அழுகை வரவில்லை. மேடையில் தலைவர் நன்றியுரை வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில், இத்தனை மாதம் பொறுமையோடு காத்திருந்த நோயாளர்களுக்கும் நன்றி சொன்னார்.